ஒரு சிட்டிகை மயில்துத்தம்

ஜோதிகாவின் கண்ணுக்குத் தப்பி எந்த நோயும் அந்தச் சுருளிப்பட்டித் தோட்டத்துக்குள் நுழைய முடியாது. விட்டால் தோட்டத்தையே தின்றுவிடும் பூஞ்சையின் அடையாளமாகத் திராட்சை இலையில் எண்ணெய்த் திட்டு விழுந்தால் முதலில் பார்ப்பவள் அவள்தான். ஆனால் கம்பத்துப் பூச்சிமருந்துக்கடையில் நின்று, தானே கண்டுபிடித்ததாக மீசையைத் தடவுவது அவள் புருசன் பாண்டியராஜன். போகட்டும், தோட்டம் அவருடையது என்று பன்னிரண்டு வருசமாக விட்டுக்கொடுத்திருந்தாள்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு உயிர். தேனியில் மீன்கடை வைத்திருக்கும் தம்பி கொடுத்த ஆக்ஸலாட்டல். நாலு காலும் வாலுமாகக் கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் வெளிநாட்டுப் பிராணி. தலையின் இரண்டு பக்கமும் சிவந்த இறகு மாதிரி செவுள். சிங்காரி என்று பேர் வைத்திருந்தாள்.

சித்திரை வெயில் ஏறியதும் சிங்காரி மண்புழுவைத் தொடவில்லை. மறுநாள் செவுள் முன்பக்கமாகச் சுருண்டது, வால்நுனி கொக்கியாக வளைந்தது. மூன்றாம் நாள் செவுளில் வெள்ளைப் பஞ்சு. தம்பிக்குப் போன் போட்டாள். தண்ணீர் சூடேறினால் இப்படித்தான், ஐஸ் பாட்டிலைப் போட்டுக் குளிர வை, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்று, கண்ட மருந்தையும் ஊற்றிவிடாதே, தோல் வழியாகவே உள்ளே போய்விடும் என்றான். ஐந்து நாள் அப்படியே செய்தாள். ஆறாம் நாள் காலையில் சிங்காரி ஒரு புழுவை விழுங்கியது. ஜோதிகாவுக்குச் சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கென்று மார்க்கையன்கோட்டையில் ஒரு கல்யாணம். ஐஸ் பாட்டிலை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று புருசனிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் திரும்பினால் தொட்டித் தண்ணீர் நீலம் பாரித்திருந்தது. சிங்காரி மல்லாந்து மிதந்தது. எல்லாம் தெரிந்த ஏகாம்பரமாகப் புருசன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூஞ்சைக்கு மயில்துத்தத்த விட்டா வேற மருந்து ஏது? ஒரு சிட்டிகைதேன் போட்டேன். கொடிக்கு அடிச்சாக் கேக்குது, இதுக்குக் கேக்காதா?"

"தொடாதீகன்னு சொன்னேன்ல?"

"நல்லதுக்குத்தேன் செஞ்சேன். ஒரு பல்லிக்குப் போயி மூஞ்சியத் தூக்காத."

ஜோதிகா சிங்காரியைக் கொய்யா மரத்தடியில் புதைத்தாள்.

பத்து நாள் கழித்துக் கோடைமழை விடாமல் பிடித்தது. மழை வெறித்த அன்று காலை இரண்டு பேரும் பந்தலுக்கடியில் போனார்கள். மூன்றாவது கொடியில் ஓர் இலையில் எண்ணெய்த் திட்டு. திருப்பினாள், அடியில் வெள்ளைப் பூஞ்சை. பக்கத்து இலையிலும் இருந்தது.

"ஏதும் தெரியுதா?" என்று அடுத்த வரிசையிலிருந்து வழக்கம்போலக் கேட்டார்.

ஜோதிகா இலையை விட்டாள்.

"ஒண்ணும் தெரியல" என்றாள். அடுத்த கொடிக்கு நகர்ந்தாள்.