ஆறடிக்கு ஒரு நூல்

விடியற்காலையில் அப்பாவும் நானும் என் தம்பி எம்மெட்டை மெத்தையோடு தூக்கிக்கொண்டு வந்து வேனின் பின்பக்கத்தில் கிடத்தினோம். நோய் நொடி ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயது, ஓடி வந்து எகிறினால் கூடைப்பந்து வளையத்தைப் பிடித்துத் தொங்குகிற உடம்பு. தூக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தான், அதனால் கனம் இன்னும் கூடியது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நல்லா ஆடுடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் மாடுகள் விடுப்பு தருவதில்லை.

விஷயம் இதுதான். மனுஷன் தூங்கி எழும்போது கொஞ்சம் உயரமாக இருக்கிறான். நிற்க நிற்க, நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்கி, சாயங்காலத்துக்குள் குட்டையாகிவிடுகிறான். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் வைத்துப் பார்த்ததில், எழுந்தவுடன் எம்மெட் ஆறடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதல். பால் கறந்துவிட்டு வந்து நின்றால் ஒரு நூல் குறைவு. கல்லூரிக்காரர்கள் அச்சடித்த கையேட்டில் ஆறடி ஒரு அங்குலம் என்று போட்டிருந்தார்கள். அதைக் கல்லூரியில் யாரும் பொய் என்று நினைப்பதில்லை, மரியாதை என்று நினைக்கிறார்கள். ஆனால் இண்டியானாபொலிஸில் இன்று வெறுங்காலில் நிற்க வைத்து அளப்பார்கள். அடுத்த வாரம் தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுக்கும் நாள். அதற்கு முன் ஓர் அணி ஆறு பையன்களைக் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்க்கிறது. அதில் எங்கள் பையனும் ஒருவன்.

கூப்பிட வைத்தவர் காரிட்டி. அந்த அணிக்காக ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்கிறவர். பனிக்காலம் முழுக்க எங்கள் சின்னக் கல்லூரி அரங்கத்தில் மேல் வரிசையில் சோளப்பொரிப் பையோடு உட்கார்ந்திருப்பார். தரகர் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் எம்மெட்டைப் பார்ப்பார். போன வாரம் வீட்டுக்கே வந்து அம்மா செய்த ஆப்பிள் ஜாமை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"இடது கை சுமார்தாம்மா. தூரத்துலேருந்து எறிஞ்சா பாதிதான் விழுது. ஆனா பந்து இவன் கையில இருக்கறப்ப மத்த நாலு பேரும் கெட்டிக்காரனாத் தெரியறானுங்க. அவனுங்களுக்கே அது தெரியாது. பந்தைப் பிரிச்சுக் குடுத்து ஆட்டத்த நடத்தற பாயிண்ட் கார்டுன்னா அதான். முப்பது வருஷத்துல இந்த மாதிரி கண்ணு நான் ரெண்டு பேருகிட்டதான் பாத்திருக்கேன்."

"அப்புறம் என்ன?" என்றேன்.

"எங்க முதலாளி ஆறடிக்குக் கீழ யாரையும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. இன்னொண்ணு, இவன் தானே போட வேண்டியதைக்கூட அடுத்தவனுக்குக் குடுத்துடறான். அது ஒரு வியாதி."

அது எனக்கும் தெரிந்த வியாதிதான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எம்மெட்டுக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. போடுவான் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் ஓரத்தில் நின்ற பையனுக்குத் தள்ளினான். அந்தப் பையன் போட்டது வளையத்தில் பட்டு வெளியே போனது. ஏன்டா என்று கேட்டதற்கு, "அவன் என்னைவிடத் தனியா நின்னான்கா" என்றான். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

வழி முழுக்க அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "தலையத் தூக்காதடா. அமுங்கிடும்." படுத்தபடியே அவனுக்குப் பீட்ரூட்டில் ஊறிய முட்டையை ஊட்டினாள். சட்டையில் சிவப்பாகச் சாறு வழிந்தது. வேனின் கூரையைத் தவிர ஒன்றும் தெரியாத நிலையில் கிடந்துகொண்டு அவன் எனக்கு வழி சொன்னான்.

"அக்கா, இடது பக்கம் ஒரு லாரி மூச்சு வாங்குது பாரு. அவன் உள்ள வரப்போறான். விட்டுடு."

"வண்டி ஓட்டறது நானா நீயா? பள்ளிக்கூட பஸ் ஓட்டறவளுக்கே பாடமா?"

சொல்லி வாயை மூடவில்லை, லாரி உள்ளே வந்தது. அம்மா சிலுவை போடாத குறையாக நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இவனை எடுக்காவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம் என்று எனக்கு அப்போது அழுகை வரும்போல இருந்தது.

பயிற்சிக்கூடத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைத்ததோ கடைசியில். அம்மா போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனை வேகமாகவும் நடக்க விடாமல் மெதுவாகவும் நடக்க விடாமல் கூட்டிப்போனாள். அளக்கும் அறைக்கு வெளியே நடைகூடத்தில் திரும்பியதும் மூவரும் நின்றுவிட்டோம்.

நான்கு பையன்கள் சுவரோரமாக வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். ஒருவனுடைய அம்மா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்ப ரகசியம் என்று நினைத்தோம்!

"இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று நான் சிரித்தேன். விசிறிய அம்மாளும் சிரித்துவிட்டாள். எங்கள் அம்மா சிரிக்கவில்லை. போட்டிக்காரர்கள் எத்தனை மணியிலிருந்து படுத்திருக்கிறார்களோ என்ற கவலையில் அவசரமாகப் போர்வையை விரித்தாள்.

ஒருவன் மட்டும் பெஞ்சியில் கூனி உட்கார்ந்திருந்தான். டெவாண்ட்ரே ஆட்கின்ஸ், மெம்பிஸ்காரன். எம்மெட்டைப் போலவே பாயிண்ட் கார்டு, எம்மெட்டைப் போலவே ஆறடி விளிம்பில் நிற்பவன். விமானம் ரத்தாகி ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே வந்திருக்கிறான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன.

கதவு திறந்தது. "ஆட்கின்ஸ்" என்று கூப்பிட்டார்கள். குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசை. எங்கள் குடும்பப் பெயர் ட்ராயர், அதனால் நாங்கள் கடைசி. ஆளுக்குக் கால்மணி நேரம் ஆகும் என்பதால் எம்மெட் இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் படுத்துக் கிடக்கலாம். அகரவரிசை எங்களுக்குச் செய்த உதவி என்று அம்மா என் கையைக் கிள்ளினாள்.

எம்மெட் எழுந்துவிட்டான்.

"நீ இங்க படு," என்று அந்தப் பையனிடம் போர்வையைக் காட்டினான். "நான் முதல்ல போறேன். என் பேரு வர்றப்ப நீ போ."

"வேணாம் ப்ரோ. உனக்குத்தான் கெடும்."

"நான் வழியெல்லாம் படுத்துக்கிட்டுதான் வந்தேன். சும்மா படுடா."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தனக்கு மிஞ்சித்தான்டா தானம்! அவன் யாரு உனக்கு? உன் இடத்துக்கு வந்தவன்டா அவன்!"

"அவன் ராத்திரியெல்லாம் உக்காந்து வந்திருக்கான்கா," என்றான், அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுபோல. மடையன். அவனை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

கதவருகே காரிட்டி நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "யார் முதல்ல வந்தா நமக்கென்ன, அளந்துடு" என்று உள்ளே இருந்தவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். "பாத்தியா? பாவிப்பய இங்கேயும் பாஸ் குடுத்துட்டான்."

திட்டுகிற குரலில்தான் சொன்னார். ஆனால் கைக்குட்டையை எடுத்து மூக்கை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டார்.

திறந்த கதவு வழியாக எங்களுக்குத் தெரிந்தது. எம்மெட் காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நின்றான். சட்டையில் பீட்ரூட் கறை. பின்னால் போர்வையில் அந்த மெம்பிஸ் பையன் அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தான். அளப்பவர் கட்டையை மேலே ஏற்றி, பிறகு மெல்ல இறக்கினார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்றிருந்தாள். என் குதிகாலும் தரையில் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, காரிட்டியும் எக்கி நின்றார்.