பாட்டு முடிந்த பிறகு

படக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதை அவர் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எந்த முகத்தைக் கண்டாலும் அதிலிருந்து எதை எடுக்கலாம் என்றுதான் பார்ப்பார். கல்யாணப் பெண்ணின் பரு, மாப்பிள்ளையின் இரட்டைத் தாடை, மாமனாரின் முறைப்பு எல்லாமே அவருடைய கணினிக்குள் போனால் காணாமல் போய்விடும். அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் கூட்டம் அலைமோதியதே அதனால்தான்.

நோய் வந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ஸ்டுடியோவில் ஈ காக்கை இல்லை. வாசகசாலை மாடியில் சனிக்கிழமைதோறும் கூடிப் பாடிய சேர்ந்திசைக் குழுவும் நின்றுபோனது. படக்காரரையும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது பேர். எல்லோரையும் கட்டி மேய்த்த டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். ஒவ்வொருவரும் குழு எப்போதும் முதலில் பாடும் பாட்டை வீட்டிலிருந்தே போனில் பாடி, ஞாயிறு மூன்று மணிக்குள் படக்காரருக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லாக் குரலையும் ஒன்றாகச் சேர்த்து ஆறு மணிக்குத் திருப்பி அனுப்புவார். யாருடைய பாட்டாவது வரவில்லை என்றால், பக்கத்துத் தெருவில் இருப்பவர் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

"பாட்டு வந்தா ஆளு நல்லா இருக்காருன்னு அர்த்தம். வேற எதுவும் கேட்க வேண்டாம்" என்றார் டீச்சர்.

ஒன்பதாவது வாரம் தபால்காரரின் பாட்டு வரவில்லை. பக்கத்துத் தெரு பஸ் டிரைவர் போய்த் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நெருங்க நெருங்கப் படக்காரர் வராத பாட்டுகளை எண்ணிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார்.

முக்கியமாக ஒரு குரலுக்காக. அது அவருடைய அக்காவின் குரல்.

அக்காவுக்கும் தம்பிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சண்டை அம்மாவின் படத்தால் வந்தது. அம்மாவின் கன்னத்தில் சின்ன வயதில் பட்ட சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. அம்மா போன பிறகு சுவரில் மாட்டப் படம் பெரிதாக்கிய படக்காரர், பழக்க தோஷத்தில் அந்தத் தழும்பை வழித்தெடுத்துவிட்டார். அக்கா படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "யார் இந்தம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். அதன் பிறகு ஒரே குழுவில், ஒரே வரிசையில், நாலு பேர் தள்ளி நின்று பாடினார்கள். டீச்சர்தான் இருவருக்கும் நடுவில் தூது. வீம்பில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

அதனால் அக்காவைப் பற்றிப் படக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் வாரம் ஒரு பாட்டு மட்டும்தான். அது வந்துவிட்டால் அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கும். ஐந்து தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். இருந்தும் ஒரு போன் போட அவருக்குக் கை வரவில்லை.

வேலையை மட்டும் கண்ணும் கருத்துமாகச் செய்தார். பாட்டுக்கு முன்னால் வரும் தொண்டைச் செருமலை வெட்டுவார். நடுவில் குரைக்கும் நாயை அழிப்பார். பாட்டு முடிந்த பிறகு வரும் வாலை, திரையில் ஒலியலை அடங்கும் இடத்தைப் பார்த்துக் கண்ணாலேயே குறிவைத்து நறுக்குவார். அதைக் கேட்பதுகூட இல்லை. அதில் என்ன இருக்கப்போகிறது? போனை அணைக்கிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். நறுக்கியதையெல்லாம் கணினி தானாக ஒரு மூலையில் சேர்த்து வைத்துக்கொண்டது.

பதினான்காவது வாரம் அக்காவின் பாட்டில், மூன்றாவது அடியில், எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. குரலும் கொஞ்சம் சன்னமாக இருந்தது. குரலை ஏற்றிவிட்டார், பாத்திரத்தை எடுத்துவிட்டார். அரை மணி நேர வேலை.

பதினைந்தாவது வாரமும் மூன்றாவது அடியில் பாத்திரம் விழுந்தது. "கீழ் வீட்டுக்காரங்களுக்குக் கையில என்ன எண்ணெயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்.

பதினாறாவது ஞாயிறு. வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் வந்து தேய்ந்து போனது. அக்காவின் பாட்டைப் போட்டார். மூன்றாவது அடி வந்தது. பாத்திரம் விழுவதற்கு முன்பே அவர் கை அதை அழிக்கப் போயிருந்தது.

கை அப்படியே நின்றது.

பதினான்காவது வாரப் பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினைந்தாவதையும் வைத்தார். மூன்று அலையும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தன. அக்கா இரண்டு வாரமாகப் பாடவில்லை. பழைய பாட்டையே திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறாள்.

ஏன் என்று யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. போனை எடுத்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அக்காவைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார், மறுபடியும் ஓய்ந்தது. அப்போதுதான் திரையில் ஒன்று கண்ணில் பட்டது. பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால், அவர் இன்னும் நறுக்காத வாலில், அலை லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. நாற்காலி இழுக்க இவ்வளவு நேரம் ஆகாது.

ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். முதலில் மூச்சு. இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு. பிறகு அக்கா பேசினாள்.

"தம்பி... இது உனக்கு மட்டும். நாலு நாளாக் காய்ச்சல். மாடி ஏற முடியல, மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகப் பயமா இருக்குடா. தபால்காரர் ஞாபகமாவே இருக்கு. கோபத்தையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ."

அவ்வளவுதான். போனை அணைக்கிற சத்தம்.

படக்காரர் கணினியின் மூலையில் கிடந்த துண்டுகளைத் தேடி எடுத்தார். பதினான்காவது வாரம்: தம்பி, இது உனக்கு மட்டும். பதினைந்தாவது வாரம்: தம்பி, இது உனக்கு மட்டும். இரண்டும் அவர் கையால் சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தன.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓடினார். செருப்பை மாட்ட மறந்துவிட்டது. முகத்துக்குக் கவசம்கூட இல்லாமல், சட்டையின் கழுத்துப் பட்டையைத் தூக்கி மூக்கில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஐந்து தெருவிலும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மூன்று மாடி ஏறியதும் அவருக்கே மூச்சு முட்டியது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. யாரோ வரக் காத்திருந்த கதவு.

அக்கா படுக்கவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. போன் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவரைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை.

"கேட்டுட்டும்... வரலைன்னு... நெனச்சேன்."

"கேக்கலக்கா. சத்தியமாக் கேக்கல. வெட்டிட்டேன்."

"என்னத்த?"

"பாட்டு முடிஞ்சதும் வர்றத எல்லாம் வெட்டிடுவேன். எல்லாருக்கும் அப்படித்தான். காது குடுத்துக் கேக்கறதே இல்ல."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அம்மா தழும்பு மாதிரி" என்றாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அக்காவின் விரலில் சின்னக் கருவி ஒன்றை மாட்டினார். அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அதே எண்தான் வந்தது போலிருக்கிறது. கூட வந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி இறக்கினார்கள். வண்டிக்குள் ஏறப்போன படக்காரரைத் தடுத்தார்கள். அக்காவுக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டுத் திரும்பியவர் கையில் ஒரு தாள் இருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு வாரத்துக்கு மேல."

"ரெண்டு வாரமா? ஏங்க, இவ்வளவு நாள் இவங்க யார்கிட்டயுமே சொல்லலையா?"

அக்கா முகமூடிக்குள்ளிருந்து தம்பியைப் பார்த்தாள்.

"சொன்னாங்க. என்கிட்டதான் சொன்னாங்க" என்றார் படக்காரர். "மூணு தடவ சொன்னாங்க."

அந்த ஆள் எதையோ எழுதிக்கொண்டு கதவைச் சாத்தினார்.