காலை ஆறு மணிப் புயல்

என் கணவர் கடலைப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தோம். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வீராப்பாக நின்றார். ஒரு அலை வந்து கணுக்காலைத் தொட்டதும் பின்னால் நகர்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரிடம்தான் இன்றைக்குக் கடலூரிலிருந்து கோடியக்கரை வரைக்கும் உள்ள மீனவர்கள் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

பெயர் தமிழரசன். ஊர் குரும்பலூர். கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான். கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ‘மழைவேந்தன்’ என்பது அவருக்கு அவரே சூட்டிக்கொண்ட பட்டம். யூடியூபில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள். மாடி அறையில் நீலத் துணி கட்டி, விளக்குப் போட்டு, இரண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருவார். மேலே கோட்டு, கீழே கைலி.

அவர் எப்படிப் பெரிய ஆள் ஆனார் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல் வந்தது. எல்லாரும் அது வடக்கே போகும் என்றார்கள். இவரும் அதையேதான் சொல்ல வந்தார். படத்தில் அம்புக்குறி போடும்போது மௌஸ் வழுக்கித் தெற்கே இழுத்துவிட்டது. நேரலையில் எப்படித் திருத்துவது என்று விட்டுவிட்டார். புயலும் அவருடைய அம்புக்குறி மாதிரியே தெற்கே திரும்பித் தொலைத்தது. அன்றிலிருந்து கடற்கரை முழுக்க அவருக்குச் சீடர்கள்.

நான் கீதாஞ்சலி. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புயல் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு இவருக்கு வேலை பார்க்க வேண்டும். வீடியோவுக்கு முகப்புப் படம் செய்வதும், நேரலை ஓடும்போது பக்கத்தில் ஓடுகிற கருத்துகளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. வாழ்த்துச் சொல்பவரை விட்டுவிட வேண்டும். கேள்வி கேட்பவரை நீக்க வேண்டும். அவர்களுக்கு இவர் வைத்திருக்கும் பெயர் ‘நெகட்டிவ்’. ஒரு நெகட்டிவ் தலைகாட்டினால் மூன்று விநாடிக்குள் காணாமல் போய்விடுவார். அவ்வளவு வேகம் என் விரலுக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, சொன்னால் என்ன.

போன கார்த்திகையில் வந்த புயலுக்கு வைத்த பெயரை இவர் மூன்று வீடியோவில் மூன்று விதமாகச் சொன்னார். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடக்கும் என்று வானிலை ஆபீஸ் அறிவித்தது. அந்தப் பக்கம் மணற்குப்பம் என்ற மீனவர் ஊரில் என் தங்கை முத்தமிழ் தலைமையாசிரியை. ஐந்து வகுப்பறை உள்ள அவளுடைய பள்ளிக்கூடம்தான் அந்த ஊருக்குப் புயல் முகாம். முதல் நாள் சாயந்திரமே நூற்று நாற்பது பேரைக் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போடுவதும், வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும் அவள் தலையில் விழுந்திருந்தது. ஊரே அக்கா வீட்டுக்காரரின் சேனலைத்தான் பார்க்கிறது என்று போனில் பெருமையாகச் சொன்னாள். நான் பேச்சை மாற்றினேன்.

மறுநாள் மத்தியானம் புயல் கரையைக் கடக்கும் என்றது அரசாங்கம். எல்லாரும் சொன்னதையே இவரும் சொன்னால் இவரை யார் பார்ப்பார்கள்? புதிதாக ஒரு வெளிநாட்டு இணையதளத்தைப் பிடித்திருந்தார். அதில் புயலின் பாதையும், எந்த மணிக்கு எங்கே இருக்கும் என்பதும் புள்ளி புள்ளியாக வரும். கரையைத் தொடுகிற புள்ளிக்குப் பக்கத்தில் 06 என்று போட்டு, அதை ஒட்டி இசட் என்று ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அது சோன் நம்பர், அதெல்லாம் உனக்குப் புரியாது என்றார். அவருக்குப் புரியாத எல்லாவற்றுக்கும் எனக்குப் புரியாது என்றுதான் பெயர்.

ஆக, காலை ஆறு மணிக்கே புயல் கரையைக் கடக்கும் என்று அறிவித்துவிட்டார். அரசாங்கத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் சொன்ன ஒரே தமிழன் என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு நேரலை ஆரம்பித்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெகட்டிவ்கள் வரிசையாக வந்தார்கள், நான் வரிசையாக நீக்கினேன். ஆறு அடித்ததும், உறவுகளே, புயல் கரையைக் கடந்துவிட்டது, ஆபத்து நீங்கியது என்று கையெடுத்துக் கும்பிட்டார். ‘கடந்தது’ என்று சிவப்பு எழுத்தில் முகப்புப் படம் தயாராக இருந்தது. முதல் நாளே செய்து வைத்திருந்தேன். கடக்கிற வரைக்கும் காத்திருக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

கீழே வந்து டீ போட்டேன். ஆறரைக்கு முத்தமிழ் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

“அக்கா, மாமா கடந்துடுச்சுன்னு சொல்லிட்டாருன்னு சனமெல்லாம் மூட்டைய கட்டுதுக்கா. தாசில்தார் ஆபீசுக்கு லைன் போவல. மழ வேற நின்னுருக்கு. ஊர்த் தலைவரு தர்மண்ணன் போட்ட இழுத்துக் கட்டணும்னு முன்னாடியே எறங்கிப் போயிட்டாரு. நெசமாவே கடந்துடுச்சாக்கா?”

கடந்துவிட்டது என்று நானே எழுதியிருக்கிறேன், என்னிடமே கேட்கிறாள். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. இவருடைய வீடியோக்களின் அடியில் மீனவர்கள் எழுதுவதை இவர் படிப்பதே இல்லை. நீக்குவதற்காகவாவது நான் படிக்கிறேன். புயல் வருகிற வரைக்கும் அந்தப் பக்கம் வடக்கேயிருந்து வாடைக்காற்று அடிக்கும், தாண்டிவிட்டால் தெற்கேயிருந்து சோழகம் திரும்பும் என்று பழைய புயலின்போது யாரோ எழுதியிருந்தார்கள். கொடிக் கம்பத்தைப் பார், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று முத்தமிழிடம் கேட்டேன். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வடக்கேயிருந்துதான் அக்கா, ராத்திரி அடித்த மாதிரியேதான் என்றாள்.

ஒருத்தரையும் விடாதே, கேட்டைப் பூட்டு என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

இவர் வாழ்த்துகளைப் படித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்த வெளிநாட்டுப் பக்கத்தைத் திறந்து அடிவரைக்கும் தள்ளினேன். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. எல்லா நேரமும் கிரீன்விச் நேரம் என்றது அந்த வரி. இசட் என்று போட்டிருந்தது அதற்குத்தான். கிரீன்விச்சுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பாடம். ஆறோடு ஐந்தரையைக் கூட்டினால் பதினொன்றரை. அரசாங்கம் சொன்ன அதே மத்தியானம். மூன்று நாளாக லண்டன் கடிகாரத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என் வீட்டுக்காரர்.

மைக்கை அணைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். வரியைக் காட்டினேன். மணற்குப்பத்தில் ஜனங்கள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள், உடனே திருத்திச் சொல்லுங்கள் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் கூட்டல் தெரியும். ஜனங்களை நினைத்து வெளுத்தது என்று ஒரு நொடி நம்பினேன்.

“இப்ப போயி தப்புன்னு சொன்னா நாலு வருசத்துப் பேரு போயிடும் கீதா. ஒம்பது மணிக்கு வேற வீடியோ போடுவோம். புயலோட ரெண்டாவது சுத்து வருதுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

எத்தனையோ தடவை இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அருவருப்பாக இருந்தது. ஒன்பது மணிக்கு அந்த ஜனங்கள் கடற்கரையில் வலை மடித்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு அது கணக்கிலேயே வரவில்லை.

நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் வைத்த நாற்காலி, கோட்டும் கைலியுமாகச் சுவர் வரைக்கும் போனார். மைக்கைப் போட்டுவிட்டுக் கேமராவுக்கு முன்னால் குனிந்தேன். தலைகூட வாரியிருக்கவில்லை.

“நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன். இவரு நேரத்தத் தப்பா பாத்துட்டாரு. புயல் இன்னும் கடக்கல. பதினோரு மணிக்கு மேலதான் வருது. முகாம விட்டு யாரும் எறங்காதீங்க. எறங்கினவங்க திரும்பிப் போங்க. காத்து வாடையா அடிக்குதா, சோழகமா அடிக்குதான்னு நீங்களே பாருங்க.”

இதையே நாலு தடவை சொன்னேன். இவர் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், ஐந்தாவது தடவையும் சொன்னேன். இணைப்பைப் பிடுங்கினால் மானம் இன்னும் போகும் என்று அவருக்குத் தெரியும், அதனால் பிடுங்கவில்லை.

முத்தமிழ் அந்த வீடியோவைப் பள்ளிக்கூட மைக் செட்டில் வைத்து ஊருக்கே கேட்கும்படி ஓட விட்டாளாம். கேட்டைப் பூட்டுவதற்குள் தாண்டிப் போயிருந்த அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேர் ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டார்கள். பாக்கி தர்மன் ஒருவர்தான். அவருடைய போட் ஊரைத் தாண்டி முகத்துவாரத்தில் கிடந்தது. அங்கே மைக் சத்தம் எட்டவில்லை, அவருடைய போனிலும் சிக்னல் இல்லை. பத்தரைக்கு முத்தமிழ் கூப்பிட்டு, இன்னும் அவர் வரவில்லை என்று அழுதாள். அதற்கப்புறம் அவளுக்கும் லைன் போய்விட்டது. பதினொன்றே முக்காலுக்குப் புயல் கரையைக் கடந்ததாக டி.வி.யில் சொன்னார்கள். குரும்பலூரில் பிற்பகலுக்கு மேல் நாலு தூற்றல் போட்டது, அவ்வளவுதான்.

அடுத்த நாள்தான் லைன் கிடைத்தது. ஊரில் பாதிக் கூரையைக் காணோம், உயிருக்கு ஒருத்தருக்கும் சேதமில்லை என்றாள் முத்தமிழ். தர்மனைக் கவிழ்ந்த போட்டுக்கு அடியிலிருந்து சாயந்திரம் எடுத்திருக்கிறார்கள். வலது கால் நசுங்கியிருந்ததாம்.

இங்கே இன்னொரு கூத்து நடந்தது. நான் பேசிய துண்டைப் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இவர் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தார், மூன்றாம் நாள் எழுந்து எண்ணிக்கையைப் பார்த்தார், முகம் தெளிந்துவிட்டது. மனைவியையே களத்தில் இறக்கி மக்களைக் காத்த மழைவேந்தன் என்று ஒரு வீடியோ போட்டார். கூடுதலாக ஐம்பதாயிரம் சீடர்கள் சேர்ந்தார்கள். பெரம்பலூரில் ஒரு சங்கத்தார் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டு வந்து பீரோவில் வைத்தார். போர்த்தியவர்களைச் சொல்வதா, போர்த்திக்கொண்டவரைச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்க முட்டாள்கள், நான் ஒருத்திதான் புத்திசாலி என்ற நினைப்பில் இருந்தேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, கடையில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தர்மன், நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். டீச்சரிடம் நம்பர் வாங்கினாராம். காலை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் இனி போட்டில் நின்று வலை இழுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லவும் அவர் கூப்பிடவில்லை. எனக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டிருந்தார். அவருடைய மருமகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வந்த ஐம்பத்தொன்பது பேரில் இருந்தார்களாம். நீ நல்லா இருக்கணும் தங்கச்சி என்றார். சந்தோஷமாக இருந்தது.

நான்தான் கேட்டேன். காற்று திரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா அண்ணே, முப்பது நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர் எப்படி இவர் பேச்சை நம்பி இறங்கினீர்கள் என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் ஏளனம் இருந்திருக்கும். வழக்கமாக இருக்கிற ஏளனம்தான்.

“எனக்கு சந்தேகந்தான் தங்கச்சி. வாடையா அடிக்குதே, எப்புடிக் கடக்கும்னு ஆறு மணிக்கு முன்னாடியே ஒங்க சேனல்ல எழுதிக் கேட்டேன். ஒடனே அதக் காணும். மறுபடி கேட்டேன், அதையும் எடுத்துட்டாங்க. படிச்சவங்க இத்தன வேகமா எடுக்குறாங்கன்னா நாமதான் தப்பா நெனைக்கிறோம் போலன்னு எறங்கிப் போனேன்.”

எனக்கு அந்தக் கேள்வி ஞாபகமே இல்லை. அன்று காலை நான் நீக்கியது நூற்றுக்கு மேல் இருக்கும். கடைக் கம்ப்யூட்டரில் சேனலைத் திறந்து, தடை செய்தவர்கள் பட்டியலைப் பார்த்தேன். நீல நிறப் போட்டின் படத்தோடு அவர் பெயர் இருந்தது. இரண்டாம் முறை கேட்டதற்காக ஆளையே தடை செய்திருக்கிறேன்.

“அத எடுத்தது நான்தாங்கண்ணே” என்றேன்.

நர்ஸ் ஊசி போட வந்திருக்கிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.