நான்காவது தூண்

கடைவீதி முனையில் இருந்த அந்த மாடிக் கட்டடத்துக்கு எண்பது வயதுக்குக் குறையாது. கீழே வரிசையாகக் கடைகள், மேலே தையல்காரரும் வக்கீல் குமாஸ்தாவும். முன்னால் தெருவைப் பார்த்த நீளத் தாழ்வாரம், அதன் மேல்தளத்தைத் தாங்க எட்டுத் தூண்கள். சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். கட்டினவர்கள் அவசரம் தெரியாதவர்கள்.

அவசரம் தெரிந்தவர் கொத்தனார். முப்பது வருஷத்துக்கு முன்னால் பின்னோக்கி வந்த லாரி ஒன்று நான்காவது தூணை இடித்துத் தள்ளியது. கட்டடச் சொந்தக்காரருக்கு நாலே நாளில் புதுக் கடைத் திறப்பு. ஊரே வரும், எட்டுத் தூணும் நின்றாக வேண்டும் என்றார். சுண்ணாம்புத் தூண் இறுகவே இருபது நாள் ஆகும். கொத்தனார் யோசித்தார். மூன்றாவது தூணிலிருந்து ஐந்தாவது வரை இரும்பு உத்திரம் கொடுத்துத் தளத்தைத் தாங்கவிட்டார். அதன் கீழே பலகைகளைக் கூடாக நிறுத்தி, கம்பிவலை சுற்றி, உத்திரமும் தெரியாதபடி வழவழவென்று காரை பூசினார். உள்ளே வெறும் காற்று. திறப்பு முடிந்ததும் உடைத்துவிட்டு ஒழுங்காகக் கட்டிவிடலாம் என்பதுதான் எண்ணம். அப்புறம் என்று நாம் ஒத்திப்போட்ட வேலை எது நடந்திருக்கிறது, இது நடக்க?

வருஷம் ஆக ஆக மற்றத் தூண்களில் விரிசல் ஓடியது. நான்காவதில் ஒரு கீறல் இல்லை. சுமந்தால்தானே நோகும்? ஊருக்கு அது தெரியுமா என்ன, கொத்தனார் கைராசி என்றது. அவரும் மறுக்கவில்லை. அவர் மகன் வளர்ந்து அதே தொழிலுக்கு வந்து, வேலை பேசப் போகும் இடத்திலெல்லாம் அந்தத் தூணைத்தான் சாட்சிக்கு அழைத்தான்.

இந்த வருஷம் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. இன்ஜினியர் வந்து பார்த்தார். மூன்றாவது தூண் நைந்துபோயிருந்தது. அதைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும், அதுவரை பாரத்தை இரண்டாவதும் நான்காவதும் தாங்கிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை மகனுக்கே வந்தது. வியாழக்கிழமை ஆரம்பம்.

அதற்கு முந்தைய மூன்று நாளும் கொத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதைப் பிரித்தால் உத்திரம் நிற்காது, மகன் அதன் கீழேதான் நிற்கப்போகிறான். சொன்னால் முப்பது வருஷப் பெயர் மண்ணாகும், அதுவும் பெற்ற பிள்ளை முன்னால். புதன்கிழமை சாப்பிடும்போது சுற்றிவளைத்து ஆரம்பித்தார்.

"மூணாவதைத் தொடாதடா. வேற வழி ஏதாவது பாரு."

"ஏன்ப்பா?" என்று நிமிர்ந்து பார்த்தான் மகன். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தவன், தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

வியாழக்கிழமை காலையில் எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். நான்காவது தூணுக்கு இருபுறமும் தளத்தைத் தாங்க மரமுட்டு கொடுத்திருந்தது. இன்ஜினியர் ஏற்பாடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதே இன்ஜினியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்தக் காலத்தில் இப்படி யார் கட்டுகிறார்கள் என்று கடைக்காரர்கள் முன்னால் புகழ்ந்தார். கொத்தனார் ஒரு கும்பிடு போட்டு வைத்தார். டீ குடிக்க வரும்போது மகனைத் தனியாகப் பிடித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று எதிர்ச்சாரிக் கடையில் போய் உட்கார்ந்தார்.

டீயை வாயில் வைப்பதற்குள் மரமுட்டு முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்வாரத் தளம் மொத்தமாக இறங்கியது. புழுதி அடங்கி ஆட்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, சித்தாள் ஒருவன் செத்துக்கிடந்தான். இரண்டு பெண்குழந்தைகளின் தகப்பன். மகனை உயிரோடு வெளியே இழுத்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இடிபாட்டில் எது தூண், எது பலகை என்று யார் பார்த்தார்கள்? பாதுகாப்பில்லாமல் வேலை செய்ததாக மகன் மேல்தான் பழி விழுந்தது. மூன்றாம் நாள், போலீஸ் வாக்குமூலம் வாங்க வருவதற்கு முன்னால், ஆஸ்பத்திரி அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கொத்தனார் எல்லாவற்றையும் கொட்டினார். லாரி, நாலு நாள், பலகை, காற்று. அழுதுகொண்டே சொன்னார்.

"தப்பு உன்னுது இல்லடா. என்னுது."

மகன் கூரையில் ஓடாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தான்.

"தெரியும்ப்பா. நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே தட்டிப் பார்த்தேன்."

மகன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். இன்ஜினியரிடம் சொன்னால் அப்பா பெயர் கெட்டுவிடும். முட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றாவதோடு சேர்த்து நான்காவதையும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், ஊருக்கு அது அப்பா கட்டினதாகவே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். முட்டு போதவில்லை.

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமேடா."

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். மூணு நாளா பார்த்தேன்."

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. மகன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இப்ப நீங்க எதுவும் சொல்லாதீங்க. எனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே, தப்பு என்னுதுன்னு நானே சொல்லிக்கறேன். வீட்டுல ஒருத்தர் உள்ள போனா போதும்."

மாட்டேன் என்று சொல்லத்தான் கொத்தனார் வாயைத் திறந்தார். தலை முந்திக்கொண்டு சரி என்று ஆடிவிட்டது.