எத்தனை தடவை சொன்னீங்க?

எவெரார்தோ லூகோ கார் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கால் வலிக்கும். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே அவர் மனைவி நெரெய்தாவுக்கு இருபது வருஷம் ஓடியிருந்தது.

“மெதுவா போ, கிழவா.”

“நான் பார்த்துக்கறேன்.”

“முன்னாடி லாரி நிக்குது.”

“பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல.”

சோள மூட்டை ஏற்றிய லாரிக்கு ஒரு முழம் மிச்சம் இருக்கையில் கார் நின்றது. நெரெய்தாவின் மடியிலிருந்த, சோளக் கொழுக்கட்டையை நடுவில் வைத்த தமால் ரொட்டிப் பொட்டலம் காலடியில் போய் விழுந்தது. ‘பார்த்தியா?’ என்பதுபோல் எவெரார்தோ புருவத்தை உயர்த்தினார். மனுஷர் இதுவரை எங்கேயும் இடித்ததில்லை. அதுதான் தொல்லையே. ஒரு தடவையாவது இடித்திருந்தால் அவளும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

‘நான் பார்த்துக்கறேன்’ என்பது மெத்தெபெக்கில் அவர்கள் வீட்டின் கடைசித் தீர்ப்பு. கூரை ஒழுகினாலும் அதுதான், மகள் கணக்கில் தோற்றாலும் அதுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னால், அவர் கேப்டனாகவும் அவள் பணிப்பெண்ணாகவும் வேலை பார்த்த பெரிய விமானக் கம்பெனியை ஒரு சனிக்கிழமை மத்தியானம் இழுத்து மூடியபோதும் அதைத்தான் சொன்னார். சொன்னபடி பார்த்தும்கொண்டார். சரக்கு விமானம் ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் நெரெய்தா முப்பது வயதுக்குமேல் பறக்கப் படித்து விமானி ஆனாள். போன வருஷம் சரக்குக் கம்பெனியும் கதவடைத்தது. அன்றிலிருந்து எவெரார்தோ வீட்டில் இருக்கிறார். தோட்டத்துக் குழாயைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கழற்றி மாட்டுகிறார். அந்தக் குழாய்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெரெய்தா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

இன்றைக்கு இரண்டு பேருக்கும் சராபீத்தோ விமானக் கம்பெனியில் வேலைக்கான தேர்வு. மலிவு டிக்கெட் கம்பெனி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதனிடம் இருந்தது நாலே விமானம். இப்போது பத்தொன்பது, கிறிஸ்துமஸுக்குள் இன்னும் பதினொன்று வருகிறது. விமானம் கிடைத்த வேகத்துக்கு ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. பக்கத்துத் தொலுக்கா நகரில் ஓடும் பஸ்ஸின் முதுகில்கூட ‘விமானிகள் தேவை’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ‘சக்கரம் தரையில பட்டாப் போதும், வேலை உனக்குத்தான்’ என்று விமானிகள் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டார்கள். அந்தக் கேலியில் பாதி கவலை.

ஆள் பஞ்சம் எவ்வளவு இருந்தாலும் ஐம்பத்தெட்டு முடிந்தவரைப் புதிதாக எடுப்பதில்லை என்று அங்கே ஒரு விதி. எவெரார்தோவுக்கு ஐம்பத்தெட்டு முடிய இருபத்து மூன்று நாள் இருந்தது. இன்று தவறினால் மறுதேர்வு மூன்று மாதம் கழித்து. அவரைப் பொறுத்தவரை அப்படி ஒரு மறுதேர்வே கிடையாது.

தேர்வு நடக்கும் கட்டடத்தில், பட்டியலும் கையுமாக நின்ற அலுவலகப் பெண் பதற்றமாக இருந்தாள்.

“கேப்டன் லூகோ, உங்ககூட உக்கார வேண்டியவர் வரல. நேத்து சாயங்காலமே வேற கம்பெனி கொத்திட்டுப் போயிடுச்சு. கிஞோனெஸ் மேடம், உங்க ஜோடியும் அங்கதான் போயிட்டாராம். நல்லதாப் போச்சு, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துடுங்க. முன்னப் பின்னத் தெரியுமா?”

பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? மெக்சிகோவில் கல்யாணம் ஆனாலும் பெண் தன் வீட்டுப் பெயரைத்தான் வைத்துக்கொள்வாள். லூகோ ஒரு பெயர், கிஞோனெஸ் ஒரு பெயர். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தேர்வில் சேர்ந்து உட்காரக்கூடாது என்பதும் விதிதான். உண்மையைச் சொன்னால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். எவெரார்தோ நெரெய்தாவைப் பார்த்தார். நெரெய்தா கையை நீட்டினாள்.

“வணக்கம், கேப்டன். உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்.”

“நல்லதாத்தானே?”

“கலந்துதான்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் உள்ளங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

சிமுலேட்டருக்குள் போய்விட்டால் அது நிஜ விமானம்தான். அதே இருக்கை, அதே பொத்தான்கள், கண்ணாடிக்கு வெளியே அதே வானம், வயிற்றைப் புரட்டும் அதே குலுக்கல். விழுந்தால் யாரும் சாகமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தேர்வாளர் கேப்டன் ரென்தெரியா அவர்களுக்குப் பின்னால் தன் திரையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு நாலு ஜோடி பார்த்துப் பார்த்துக் கண்கள் சிவந்து போயிருந்தன.

“விதி தெரியும்ல? இறங்கும்போது ஆயிரம் அடியில வேகம், உயரம் எல்லாம் சரியா இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேர்ல யார் வேணாலும் ‘வானுக்குத் திரும்பு’ன்னு சொல்லலாம். சொன்னா பேச்சே கிடையாது. முதல் அழைப்பிலேயே இறங்கறதை விட்டுட்டு மேல ஏறணும்.” ஆயிரம் தடவை சொன்ன அலுப்போடு அதைச் சொல்லி முடித்தார்.

முதல் ஒரு மணி நேரம் எவெரார்தோ ஓட்டியதைப் பார்த்து நெரெய்தாவுக்குக் கண் கலங்கியது. எஞ்சின் ஒன்றை அணைத்துப் பார்த்தார் ரென்தெரியா. புகை விட்டுப் பார்த்தார். கதவு திறந்ததாகக் காட்டினார். எவெரார்தோவின் கை அவசரப்படவே இல்லை. குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த மனிதர் எங்கே, இவர் எங்கே! பத்து வயது குறைந்து போயிருந்தார்.

கடைசிப் பயிற்சி, மழையில் குவாதலஹாராவில் இறங்குவது. பாதி வழியில் ரென்தெரியா சத்தமில்லாமல் காற்றைத் திருப்பிவிட்டார். எதிரே வீசிக்கொண்டிருந்தது பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலேயும், போக வேண்டிய வேகத்துக்கு அதிகமாகவும் வந்துகொண்டிருந்தது.

“ஆயிரம் அடி,” என்றாள் நெரெய்தா. “வேகம் கூட இருக்கு, கேப்டன். உயரமும்.”

“சரி பண்றேன்.”

எண்ணூறு அடி. நூற்று முப்பத்தைந்தில் இருக்க வேண்டிய வேகமுள் நூற்று அறுபதில் நின்றது. நெரெய்தாவுக்குத் தெரியும், இவர் இறக்கிவிடுவார். ஈரப் பாதையின் கடைசி முனையில், லாரிக்கு ஒரு முழம் விட்டு நிறுத்தியதுபோல் நிறுத்திவிட்டுப் புருவத்தை உயர்த்துவார். பின்னால் இருப்பவர் கையெழுத்துப் போடுவார். குழாய்ச் சத்தம் நிற்கும். அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பது.

அவளுக்குச் சிஹுவாஹுவா விமான நிலையம் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வயதுப் பணிப்பெண் அவள்; ஜனவரிக் காலை. ஜன்னலோரப் பயணி ஒருவர் இறக்கையைக் காட்டி, வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்றார். உறைந்த பனி; அதோடு கிளம்பினால் விமானம் சரியாக எழும்பாது. அதைக் கேப்டனிடம் போய்ச் சொல்ல அவளுக்குத் தயக்கம். ‘நீ காப்பியைக் கொடு, போதும்’ என்று திட்டும் கேப்டன்களைத்தான் அவள் அதுவரை பார்த்திருந்தாள். இந்த எவெரார்தோ ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தார். அந்தப் பயணியின் மடிமேல் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோய் இறக்கையைக் கழுவச் சொன்னார். பிறகு ஒலிபெருக்கியில், ‘தாமதத்துக்கு மன்னிக்கணும். நம்ம நெரெய்தாவோட கண்ணுக்கு எல்லாரும் நன்றி சொல்லுங்க’ என்றார். அந்த நிமிஷமே அவள் மனசு அவரிடம் போய்விட்டது.

அறுநூறு அடி.

“வானுக்குத் திரும்பு,” என்றாள். குரல் புத்தகத்தில் அச்சடித்ததுபோல் வறண்டு வந்தது.

“நான் பார்த்துக்கறேன்.”

இருபது வருஷம் கேட்ட அதே வார்த்தை, அதே தொனி. நெரெய்தாவின் கால் தன்னாலேயே தரையை மிதித்தது.

“கிழவா! சொல்றேன்ல, திரும்புய்யா மேல!”

எவெரார்தோவின் கை லிவர்களை முன்னால் தள்ளியது. விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது. மழையும் ஓடுபாதையும் கண்ணாடிக்குக் கீழே போய்விட்டன. ரென்தெரியா பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

“கோ-பைலட் கேப்டனைக் கிழவான்னு கூப்பிட்டு நான் இப்பத்தான் கேக்கறேன்,” என்றார் ரென்தெரியா. “வீட்டுக்காரரா?”

“ஆமா,” என்றாள் நெரெய்தா தலையைக் குனிந்துகொண்டு. “சொல்லாம உக்காந்தது தப்புதான்.”

“எத்தனை வருஷமா?”

“இருபது.”

“அப்பக் கிழவன்தான்.”

பக்கத்து அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ரென்தெரியா படிவத்தில் ஒவ்வொரு வரியாக ‘சரி’ போட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

“புருஷன் பெண்டாட்டி விஷயத்தை நான் சமாளிச்சுக்கறேன். குளறுபடி ஆபீஸோடது. மேல இருக்கறவங்களுக்குக் கேப்டன் சீட்டு காலியா கிடக்குதுங்கற கவலைதான். ஆனா இங்க ஒரு கேள்வி இருக்கு. முதல் அழைப்பிலேயே திரும்பினாரா?” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். ரெண்டு தடவை ஏதோ சத்தம் கேட்டுது. ஆனா ‘கிழவா’ன்னு விதிப் புத்தகத்துல எங்கேயும் இல்ல. அதைக் குடும்ப விஷயம்னு விட்டுட்டா, அழைப்பு ஒண்ணே ஒண்ணுதான். நீங்களே சொல்லுங்க மேடம். எத்தனை தடவை சொன்னீங்க?”

ஒன்று என்றால் அவர் கேப்டன். இரண்டு என்றால் அவர் மூஞ்சியில் கதவைச் சாத்துவது அவள்தான். நெரெய்தா வாயைத் திறந்தாள், எந்த வார்த்தை வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

மேஜைமேல் இருந்த அவள் கையின்மேல் எவெரார்தோவின் கை வந்து உட்கார்ந்தது.

“நான் பார்த்துக்கறேன்,” என்றார் அவளிடம். பிறகு ரென்தெரியா பக்கம் திரும்பினார். “ரெண்டு தடவை, கேப்டன். முதல் தடவையே எனக்கு நல்லாக் கேட்டுது. இறக்கிடலாம்னு நினைச்சேன். அப்படியே எழுதுங்க.”

ரென்தெரியா பேனாவை இப்படியும் அப்படியும் உருட்டினார். “இந்த வாரம் பதிமூணு ஜோடியை இதே மழையில உக்கார வச்சேன். எல்லாரும் இதே வேகத்துலதான் வந்தாங்க. ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. யாரும் சொல்லலன்னா இந்தக் கேள்விக்கே வேலை இல்ல, ஒரு கோடு போட்டுட்டுப் போயிடலாம். இறங்கிட்டாங்க, பாஸ். அடுத்த மாசம் ஜனங்களை ஏத்திக்கிட்டுப் பறக்கப் போறாங்க. நீங்க ரெண்டு பேர்தான் இறங்கல.”

அவர் ‘இல்லை’ என்று எழுதினார். மூன்றே எழுத்துக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

“நீங்க திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க, மேடம்,” என்றார் எழுந்துகொண்டே. “வேற கம்பெனிக்குப் போயிடாதீங்க. தயவுசெஞ்சு.”

காரில் ஏறியதும் நெரெய்தா அழுதாள். எவெரார்தோ சாவியைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்.”

“இருந்திருந்தா நான் பாஸ். அப்புறம் ஒரு நாள் நிஜ மழை. பின்னாடி நூத்தி எண்பது பேர். பக்கத்துல உன்னை மாதிரி வாயாடியா இல்லாம, நேத்து சேர்ந்த ஒரு புதுப் பொண்ணு. நான் ‘பார்த்துக்கறேன்’னு சொல்லுவேன், அதுவும் சரின்னு இருந்துடும்.”

“சிஹுவாஹுவாவுல ஒரு தடவை சொன்னதுமே எழுந்து வந்தியே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப எனக்கு பயம் இருந்துச்சு, கிழவி. அப்புறம் நல்லா ஓட்டக் கத்துக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. கீழே கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நசுங்கிய ரொட்டியில் பெரிய பாதியை அவளுக்குக் கொடுத்தார். இரண்டு பேரும் ஆறிப்போன தமாலைத் தின்று முடித்தபிறகுதான் கார் கிளம்பியது.

மெத்தெபெக் சாலையில் வெயில் ஏறியிருந்தது. காலையில் பார்த்த லாரியோ, அதன் தம்பியோ, சோள மூட்டைகளோடு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. கார் வழக்கமான வேகத்தில் அதை நெருங்கியது. நெரெய்தாவின் கால் தரையைத் தேடியது. இன்றைக்கு இனிமேல் இவரை ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை.

“மெதுவா போ, கிழவா,” என்றாள் மெல்ல.

கார் அப்போதே வேகம் குறைந்தது. லாரி நூறு அடி முன்னால் போயிற்று. பின்னால் வந்த மினி பஸ்காரன் ஹாரனை அழுத்தித் தலையை வெளியே நீட்டித் திட்டினான்.

நெரெய்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.”

“தெரியும்,” என்றார் எவெரார்தோ, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எழுதிக்கோ.”