கட்டிலுக்கு நடந்துவந்த சுமாக்

“நான் வளர்த்த சுமாக் செடி நடந்தே உங்கக்கா கட்டிலுக்கு வரும், மச்சான்!” என்று அளந்தார் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்.

“வந்து காலிங்பெல் அடிக்குமா, அத்தான்?” என்றான் மைத்துனன்.

படுத்த படுக்கையாகிவிட்ட மனைவிக்கு, கண்மூடுமுன் அந்தச் செடியின் வெல்வெட் போன்ற தண்டைத் தடவிப் பார்க்க ஆசை. வெட்டிய கிளை ஆகாது, உயிரோடு வேண்டும் என்றாள். அவர் சன்னலுக்கு வெளியே நின்ற செடியை அடியோடு வெட்டினார். வெட்டுப்பட்ட சுமாக், சுவருக்கு அப்பாலும் வேரோடிய இடமெல்லாம் புதுக் கன்று விடும். அவள் அறைத்தரை முழுக்க விரிசல். தினமும் அவர் “இதோ, சுவரைத் தாண்டிருச்சு!” என்று புளுக, அவள் சிரித்தாள். ஒரு காலையில் சிரிக்கவில்லை.

அடக்கம் முடிந்து கட்டிலை நகர்த்திய மைத்துனன் அவரைக் கூவி அழைத்தான். விரிசலில், வெளிறிப்போய், ஒரு சாண் உயரத்தில் நின்றது கன்று.

“நிஜமாவே வந்திருக்கு, அத்தான். நாமதான் குனிஞ்சு பாக்கல.”