மூன்றாவது மூட்டை

தராசுக் கொக்கியில் மூன்றாவது குப்பை மூட்டையை மாட்டும்போதுதான் சத்யப்ரியா அதைக் கவனித்தாள். கிழிந்த ஓரத்தில் ஒரு பட்டுக்கடைப் பை எட்டிப் பார்த்தது. அது அவள் போட்ட பை.

சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அவள் அறிவியல் ஆசிரியை. காஞ்சிபுரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் முகூர்த்தப் பட்டு எடுக்க அவர்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். போன வாரம் கணவனின் சித்தப்பா குடும்பம் பதினோரு பேராக வந்திறங்கியது. மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையில் முதலில் பார்த்த அரக்குச் சேலையையே எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதிப்பெண் பட்டியல் கொடுத்தாக வேண்டும். நாற்பத்தொரு விடைத்தாளில் ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நினைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டாள். தாள்களைப் பட்டுக்கடைப் பையில் திணித்து ஆசிரியர் அறைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

அவள் விடுப்பிலிருந்த வியாழக்கிழமைதான் தலைமையாசிரியர் ஆனந்தராஜ் கூட்டம் போட்டிருந்தார். குப்பைத் தணிக்கை வருகிறது, பள்ளிக் குப்பையை எடைபோட்டுத் தரம் பிரித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும், அதுவரை எந்தக் குப்பையும் வெளியே போகக்கூடாது. அறிவியல் ஆசிரியை என்பதால் தணிக்கைப் பொறுப்பு அவள் தலையில்.

"இந்த மூட்டைய அப்படியே ஓரமா வெச்சிடுங்களேன்" என்றாள், துப்புரவு வேலை பார்க்கும் தில்லையம்மாளிடம்.

"எதுக்கு டீச்சர்? ஒரு துண்டு பேப்பரு வெளிய போவக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. நாயிங்க இழுக்காம ஒரு வாரமா காபந்து பண்ணிக்கினு இருக்கேன்."

சொல்லிவிட்டு, பெருமையோடு மூட்டையைத் தார்ப்பாயில் கவிழ்த்தாள். பிஸ்கட் கவர்களுக்கும் இட்லி இலைகளுக்கும் நடுவே விடைத்தாள்கள் சரிந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு கையுறை போட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருந்த சுகாசினி முதலில் தன்னுடையதை எடுத்தாள். தாளில் சிவப்பு மை ஒரு பொட்டுகூட இல்லை. உதடு அசைய எண்ணிப் பார்த்தாள்.

"பதினேழு போட்டிருந்தீங்க. இருபத்தொண்ணு வருது மிஸ்."

பக்கத்தில் அனு தன் தாளைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். பெயர், வகுப்பு, நான்கு ஓரத்திலும் அழகான கோடு, அவ்வளவுதான் அவள் எழுதியிருந்தது. அதற்குப் பதினான்கு வாங்கியிருந்தாள்.

இரண்டு நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. குறைந்தவர்கள் கத்தினார்கள். கூடியவர்கள், "வுடுபா, மிஸ் கரெக்டாதான் போட்டிருப்பாங்க" என்று அடக்கினார்கள்.

சத்தம் கேட்டு ஆனந்தராஜ் வந்தார். "என்னம்மா இது, இவ்ளோ பேப்பர்?"

சத்யப்ரியா தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துத் தாள்களை மூடப் பார்த்தாள். சுகாசினி அவளையே பார்த்தாள். அப்போது அனு தன் தாளை உயர்த்திக் காட்டினாள். கட்டைவிரல் பெயரை மறைத்திருந்தது.

"சார், ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்குது. ரீயூஸ் பண்லாம் சார்."

"வெரி குட்! இதத்தான் எதிர்பார்க்குறாங்க. எழுதிக்கோங்கம்மா" என்று பூரித்துப்போய் அவர் ஈரக் குப்பையைப் பார்க்கப் போனார்.

தான் சொல்லியிருக்க வேண்டிய பொய்யை ஒரு பிள்ளை சொல்லிக் காப்பாற்றியது சத்யப்ரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கையுறையைக் கழற்றினாள்.

"தப்பு என்னோடதுதான். சிவப்பு பேனா யார்கிட்ட இருக்கு?"

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அங்கேயே திருத்தத் தொடங்கினாள். சுகாசினிக்கு இருபதரை வந்தது.

"அரை மார்க் எங்க மிஸ்?"

"ஒளிச்சேர்க்கையில 'ச்' வுட்டுட்ட."

"சயின்ஸ்ல ஸ்பெல்லிங்குக்கு கொறைப்பீங்களா மிஸ்?"

சத்யப்ரியா அந்த அரையையும் போட்டுக் கொடுத்தாள். குழம்புக் கறை படிந்த தாள்களோடு வரிசை வேப்பமரம்வரை நீண்டிருந்தது. அதன் கடைசியில் அனு நின்றாள். முன்னால் நின்றவளின் முதுகில் தாளை வைத்து விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள். வரிசை ஓரடி நகர்ந்தது. முதுகு நகர்ந்தது. எழுதிக்கொண்டே அனுவும் நகர்ந்தாள்.